இரண்டு டம்பும் ஒன்றாக இருக்கிறது, எழுதிவிடலாமா? (எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்லிம், டிரினிட்டி போர்டு)

#1 · புதுவயர் · சனி, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் 2011-இல் வாங்கிய எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்லிம். போர்டு டிரினிட்டி, 16 எம்பி நேண்ட் (கன்சோலின் மென்பொருளும் சாவிகளும் இருக்கும் நினைவகச் சிப்). ரொம்ப வருடமாகப் பரணில் கிடந்ததை இப்போது இறக்கியிருக்கிறேன். ஆர்ஜிஹெச் 1.2 (கன்சோலின் பூட்டைத் தாண்டி வேறு மென்பொருளை ஓட்ட வைக்கும் மோட்) போடுவதற்குக் கிளிட்ச் சிப் வாங்கியாச்சு. நேண்ட் படிக்க ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு போர்டில் பிக்கோஃப்ளாஷர், கணினியில் ஜே-ரன்னர் என்ற மென்பொருள்.

ஏழு வயரையும் சால்டர் செய்து நான்கு முறை படித்து நான்கு டம்ப் (நேண்டின் முழுப் பிரதி ஃபைல்) எடுத்தேன். முதல் இரண்டும் ஒத்துப்போகவில்லை. 3-ம் 4-ம் அச்சு அசலாக ஒன்று, எம்டி5 (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) கூட அதே. ஜே-ரன்னரும் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டது. அடுத்து இசிசி ஃபைலை (மோடின் முதல் படியாக நேண்டில் எழுதும் சிறு ஃபைல்) எழுத வேண்டும். எழுதலாமா?

அண்ணனுடைய டிஸ்க் 9 இருக்கிறது. மோட் செய்த பிறகும் அவை அதே டிரைவில் ஓட வேண்டும். அவனுக்குக் கொடுத்த வாக்கு அது, அதனால்தான் கை நடுங்குகிறது.

#2 · மூன்றாம்மாடி · சனி, இரவு 10:52

எம்டி5 ஒன்று என்றால் போதும் சகோ. நான் மூன்று கன்சோல் அப்படித்தான் முடித்தேன். தைரியமாக எழுதுங்கள்.

#3 · பழையசால்டர் · சனி, இரவு 11:35

எழுதாதீர்கள் தம்பி. இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

நான்கு முறை படித்து இரண்டு ஒத்துப்போனது என்றால், இரண்டு ஒத்துப்போகவில்லை என்றும் அர்த்தம். அது ஏன் என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. அதே வயர், அதே கணினி, அதே யுஎஸ்பி போர்ட். ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்டால் அது இரண்டு சாட்சி ஆகிவிடாது.

இசிசி எழுதும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அந்த ஃபைல் 13,51,680 பைட், அதாவது நேண்டின் முதல் 80 பிளாக். ஜே-ரன்னர் அதை உங்கள் டம்பிலிருந்துதான் தயாரிக்கிறது. அந்த 80 பிளாக்குக்குள் இரண்டாவதாக இருப்பது கீவால்ட். நாம் கேவி என்று சொல்வது அதைத்தான். கன்சோலின் சீரியல் எண், டிவிடி டிரைவோடு போர்டைச் சேர்த்துவைக்கும் டிவிடி கீ, இன்னும் அந்த ஒரே ஒரு கன்சோலுக்கே உரிய சாவிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. டம்பில் கேவி கெட்டிருந்தால், கெட்ட கேவியைக் கொண்டுபோய்ச் சிப்பில் இருக்கும் நல்ல கேவியின் மேலேயே எழுதுவீர்கள். அந்த நொடியில் உலகத்தில் இருந்த ஒரே நல்ல பிரதி போய்விடும். இணையத்தில் தேடி எடுக்க அது வேறு எங்கும் கிடையாது.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். 2011 கடைசியில், ஆர்ஜிஹெச் வந்த புதிதில், என் சொந்த ஜாஸ்பர் (பழைய பெரிய 360-இன் ஒரு போர்டு). அப்போது பிரிண்டர் போர்ட்டில் வயர் இழுத்து நேண்ட்புரோ என்ற நிரலில் படிப்போம். ஒரு டம்புக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது டம்ப் எடுத்தேன், ஒப்பிட்டேன், ஒன்றாக இருந்தது. எழுதினேன். ஸெல் (அந்த இசிசி ஃபைலிலிருந்து ஓடும் சிறு நிரல்) திரையில் சிபியு கீயும் (அந்தக் கன்சோலின் செயலிக்கே உரிய சாவி) வந்தது. அந்தக் கீயைப் போட்டுக் கேவியைத் திறந்தால் குப்பை. டம்பைத் திறந்து பார்த்தபோது கேவியின் முதல் பக்கம் முழுக்க எஃப்எஃப் (ஹெக்ஸில் எல்லா பிட்டும் 1 ஆன பைட்). இரண்டு டம்பிலும் அதே பக்கம், அதே எஃப்எஃப். கேவியின் முதல் 16 பைட்டும் சிபியு கீயும் சேர்ந்துதான் மீதியைத் திறக்கும் சாவியை உருவாக்குகின்றன. முதல் 16 பைட் இல்லையென்றால் மீதி 16 கேபியும் வெறும் இரைச்சல்தான். டிரைவில் டிஸ்க் போட்டால் ஓடாது. கடைசியில் வேறொருவருடைய கேவியைப் போட்டு ஓட்டினேன். என் கன்சோல் அன்றைக்கே வேறு கன்சோல் ஆகிவிட்டது. இன்று வரை அது எனக்கு வருத்தம்தான்.

இப்போது செய்ய வேண்டியது: டம்ப் 3-ஐ ஹெச்எக்ஸ்டியில் (ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் நிரல்) திறங்கள். ஃபைல் அளவு என்ன? முதல் இரண்டு பைட் என்ன? வலது பக்கம் எழுத்தாக ஏதாவது தெரிகிறதா? 4200 என்ற ஹெக்ஸ் இடத்திலிருந்து 8400 வரை மெதுவாக உருட்டிப் பாருங்கள். பார்த்ததை அப்படியே இங்கே எழுதுங்கள்.

#4 · புதுவயர் · ஞாயிறு, அதிகாலை 12:20

அண்ணா, தூக்கம் போய்விட்டது. திறந்து பார்த்தேன்.

அளவு 1,73,01,504 பைட். 16 எம்பி என்றால் 1,67,77,216 தானே வர வேண்டும்? அதிகமாக இருக்கிறதே, தப்பா?

முதல் இரண்டு பைட் எஃப்எஃப் 4எஃப். கொஞ்சம் கீழே மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன், காப்புரிமை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தெளிவாகத் தெரிகிறது. 4200-க்குப் போனேன், ஒன்றும் புரியவில்லை, எல்லாம் கலைந்த எழுத்து. ஆனால் எஃப்எஃப் கூட்டமாக எங்கேயும் இல்லை. ஜே-ரன்னரில் ஃப்ளாஷ் கான்ஃபிக் (நேண்ட் வகையைச் சொல்லும் எண்) 00023010 என்று வந்தது.

#5 · பக்கம்528 · ஞாயிறு, காலை 7:05

அளவு சரிதான், கவலை வேண்டாம். நேண்டில் ஒரு பக்கம் என்பது 512 பைட் தரவு, அதற்குப் பின்னால் 16 பைட் உபரி. ஆக 528. 32,768 பக்கம் × 528 = 1,73,01,504. 16 எம்பி டம்ப் இதைவிட ஒரு பைட் குறைந்தாலும் கூடினாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 00023010 டிரினிட்டிக்குரிய எண்தான். வயர் தொடாமல் இருந்தாலோ பவர் பிரிக் (கன்சோலின் மின் அடாப்டர்) செருகாமல் இருந்தாலோ அந்த இடத்தில் எல்லாம் பூஜ்ஜியமாகவோ எல்லாம் எஃப் ஆகவோ வந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது அந்த 16 பைட்டைப் பற்றி. பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த உபரியில் பிளாக் எண் இருக்கிறது, பேட் பிளாக் குறி இருக்கிறது, கடைசியில் அந்தப் பக்கத்துக்கான இசிசி சரிபார்ப்பு எண்ணும் இருக்கிறது (நீங்கள் எழுதப்போகும் இசிசி ஃபைல் வேறு, இது வேறு). அதாவது ஒவ்வொரு பக்கமும் தனக்குத்தானே சாட்சி சொல்லும். இரண்டாவது டம்பே இல்லாமல், ஒரே டம்பை வைத்துக்கொண்டு 32,768 பக்கத்தையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். தரவை வைத்து எண்ணைக் கணக்கிட வேண்டும், உபரியில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். வயரில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும்.

எழுதும் முன் இந்தச் சோதனையை ஓட்டுங்கள். எந்தெந்த பிளாக்கில் பிழை என்று பட்டியல் எடுங்கள். நான்கு டம்புக்கும் எடுங்கள், கெட்டதென்று நினைக்கிற 1, 2-க்கும் சேர்த்து. கெட்ட டம்ப் நிறையச் சொல்லிக்கொடுக்கும்.

#6 · மூன்றாம்மாடி · ஞாயிறு, காலை 8:30

இசிசி சோதனை இருக்கும்போது ஹெக்ஸில் கண்ணால் பார்ப்பது எதற்கு? நேர விரயம்தானே. பழையசால்டர் அண்ணாவின் ஜாஸ்பரிலும் இசிசி சோதித்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்குமே?

#7 · பக்கம்528 · ஞாயிறு, காலை 9:10

பிடிபட்டிருக்காது. நல்ல கேள்வி, ஏனென்றால் அந்தச் சோதனைக்கு இருக்கும் ஒரே பெரிய ஓட்டை இதுதான்.

அழித்துவிட்டு இன்னும் எதுவும் எழுதாத பக்கத்தில் தரவும் எஃப்எஃப், உபரியும் எஃப்எஃப். நேண்டில் அப்படி நூற்றுக்கணக்கான பக்கங்கள் இயல்பாகவே இருக்கும். அதனால் சோதிக்கும் மென்பொருள் முழுக்க எஃப்எஃப் ஆன பக்கத்தைக் காலிப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் தாண்டிப்போகும். தரவு வரும் வயர் ஒரு கணம் விட்டுப்போனாலும் கணினிக்கு எஃப்எஃப்தான் வந்து சேரும். காலிப் பக்கத்துக்கும் விட்டுப்போன வயருக்கும் வித்தியாசம் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. கேவி அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

#8 · பழையசால்டர் · ஞாயிறு, காலை 9:25

அதே. என் டம்பை இரண்டு வருடம் கழித்து இசிசி சோதனையில் போட்டுப் பார்த்தேன். ஒரு பிழைகூடச் சொல்லவில்லை.

தம்பி, கேவி பகுதி கலைந்த எழுத்தாகத் தெரிந்தது நல்ல அறிகுறி. அது முழுக்கப் பூட்டிய தரவு, 16 கேபியிலும் எந்த ஒழுங்கும் தெரியக் கூடாது. இடையிடையே 512 பைட்டுக்கு ஒரு முறை உபரி வரும், அது மட்டும் ஒரே மாதிரி தெரியும். எஃப்எஃப் கூட்டம், பூஜ்ஜியக் கூட்டம், ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவது, இந்த மூன்றும் கேவிக்குள் இருக்கவே கூடாது.

#9 · மூன்றாம்மாடி · ஞாயிறு, காலை 9:50

என் தவறு. புதுவயர், நான் நேற்று சொன்னதைக் கேட்காதீர்கள். எனக்கு மூன்று முறையும் தப்பித்திருக்கிறது, அவ்வளவுதான். என் பழைய டம்புகளைத் தேடி எடுத்துச் சோதிக்கப் போகிறேன்.

#10 · நார்பைட் · ஞாயிறு, காலை 11:15

பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) பக்கமும் இதே கதைதான், யாராவது தேடி வந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் வந்த பெரிய பிஎஸ்3-களில் 256 எம்பி நேண்ட். பின்னால் வந்தவற்றில் 16 எம்பி நார் (இன்னொரு வகை நினைவகச் சிப்). நாரில் உபரி கிடையாது, டம்ப் சரியாக 1,67,77,216 பைட் வர வேண்டும். திறந்தவுடன் முதல் இரண்டு வரிக்குள் டெட்பீஃப் என்று படிக்கத் தோன்றும் நான்கு பைட் தெரியும். அதில் ஒவ்வொரு ஜோடி பைட்டும் தங்களுக்குள் இடம் மாறிப் புரண்டு தெரிந்தால் டம்ப் கெட்டுப்போகவில்லை, சில ஃப்ளாஷர்கள் அப்படித்தான் புரட்டி எழுதும். ஆனால் எந்த வகை டம்ப் என்று தெரியாமல் திருப்பி எழுதினால் கன்சோல் எழுந்திருக்காது.

பைபிஎஸ்3செக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது. அது செய்யும் ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: டம்ப் முழுவதிலும் பூஜ்ஜியம் எத்தனை சதவீதம், எஃப்எஃப் எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பார்க்கும். நல்ல டம்புகளில் அது ஒரு வரம்புக்குள் இருக்கும். வயர் விட்டுப்போனால் எஃப்எஃப் திடீரென்று ஏறிவிடும். பக்கம்528 சொன்ன ஓட்டையை அது இன்னொரு பக்கத்திலிருந்து அடைக்கிறது. அதில் ஓர் இடத்தில் எச்சரிக்கை வந்தாலும் எழுதக் கூடாது. பிஎஸ்3-இல் இஇஐடி என்ற, கன்சோலின் அடையாளம் இருக்கும் பகுதி கன்சோலுக்குக் கன்சோல் வேறு. இரவல் வாங்க முடியாது.

#11 · வல்லைவெளி · ஞாயிறு, மதியம் 1:40

நின்டெண்டோ வீ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். பூட்மி என்ற நிரலில் நேண்டுக்குக் காப்பு எடுத்தால் 55,36,49,152 பைட் வர வேண்டும், அதில் கடைசி 1,024 பைட் அந்த வீயின் சாவிகள். எடுத்து முடிந்ததும் அது தானே சரிபார்க்கத் தொடங்கும். நேரம் எடுக்குது என்று பலபேர் அந்தக் கட்டத்தைத் தாண்டி விடுகினம். என் தம்பியும் அதைத்தான் செய்தான். எஸ்டி கார்ட் பழுது என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. பொறுமையாக இருந்து முடிய விடுங்கோ.

#12 · நான்குஜிபி · ஞாயிறு, மாலை 4:20

பக்கம்528 அண்ணா, என்னுடையது கொரோனா போர்டு, 4 ஜிபி வகை. எஸ்டி கார்ட் ரீடரில் வயர் சேர்த்து 48 எம்பி படித்தேன். இசிசி சோதனை எந்தப் பிழையும் காட்டவில்லை. அப்போ சரிதானே?

#13 · பக்கம்528 · ஞாயிறு, மாலை 5:00

இல்லை, உங்களுக்கு அந்தச் சோதனையே கிடையாது. 4 ஜிபி கொரோனாவில் இருப்பது இஎம்எம்சி. பிழை திருத்தும் வேலையை அந்தச் சிப்புக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லே பார்த்துக்கொள்ளும், உபரி நமக்கு வெளியே வராது. டம்ப் 5,03,31,648 பைட், அவ்வளவும் வெறும் தரவு. பிழை காட்டவில்லை என்றால் சோதிக்க அங்கே ஒன்றுமில்லை என்றுதான் பொருள்.

அதனால் உங்களுக்கு ஒப்பிடுதல் மட்டும்தான் துணை. அதைக் கொஞ்சம் கடுமையாகச் செய்யுங்கள். ஒரு முறை படித்ததும் ரீடரைப் பிடுங்கி, கன்சோலின் பவர் பிரிக்கையும் பிடுங்கி, வயரைத் தொட்டுச் சரிபார்த்து, வேறு கணினியில் வேறு ரீடரில் படியுங்கள். அப்படி வந்த மூன்று டம்ப் ஒன்றாக இருந்தால் நம்பலாம்.

#14 · புதுவயர் · ஞாயிறு, இரவு 9:30

நாள் முழுக்க இதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விண்டோஸின் எஃப்சி /பி கட்டளையில் டம்ப் 1-ஐ 3-ஓடு ஒப்பிட்டேன். 41 இடத்தில் வித்தியாசம். ஓர் ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வோர் இடத்திலும் ஒரு பைட் மட்டும். டம்ப் 2-இல் 17 இடம், எல்லாம் வேறு இடங்கள்.

இசிசி பட்டியல்: டம்ப் 1, 2-இல் அந்தந்த இடங்களில் பிழை காட்டுகிறது. 3, 4-இல் ஒரே ஒரு பிளாக், ஹெக்ஸில் 213. ஆனால் அந்த 213 நான்கு டம்பிலும் இருக்கிறது! சிப்பே கெட்டுவிட்டதா?

#15 · பழையசால்டர் · ஞாயிறு, இரவு 10:05

213 நான்கிலும் வருவதைக் கேட்க எனக்கு நிம்மதி. அது பேட் பிளாக். நேண்ட் சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒன்றிரண்டு அப்படி இருக்கும். கன்சோல் அதற்குப் பதிலாகக் கடைசியில் ஒதுக்கி வைத்திருக்கும் பிளாக்கைப் பயன்படுத்தும். 3எஃப்எஃப் பிளாக்கைப் பாருங்கள், உபரியில் 213 என்ற எண் இருக்கும். உண்மையான பேட் பிளாக் இடம் மாறாது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்தால் அது உங்கள் வயர்.

சிதறிய ஒற்றை பைட் என்றால் இரைச்சல். வயர் எவ்வளவு நீளம்? கன்சோலுக்கு வெளியே பிக்கோவை வைத்திருக்கிறீர்களா? யுஎஸ்பி முன்பக்கமா, பின்பக்கமா? கிரவுண்ட் எங்கே சால்டர் செய்தீர்கள்?

இதே வித்தியாசம் ஓர் இடத்தில் தொடங்கி ஃபைல் கடைசி வரை போயிருந்தால், பாதியில் ஏதோ கழன்றிருக்கிறது என்று சொல்லியிருப்பேன். பக்கம் பக்கமாக எஃப்எஃப் என்றால் கோல்ட் ஜாயிண்ட் (சால்டர் சரியாக ஒட்டாத இணைப்பு), ஃப்ளக்ஸ் போட்டு மறுபடி சூடு காட்ட வேண்டும்.

#16 · புதுவயர் · ஞாயிறு, இரவு 10:30

3எஃப்எஃப்-இல் 213 இருக்கிறது அண்ணா! பார்த்தவுடன் ஒரு சந்தோஷம்.

வயர் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிக்கோ மேஜையில். யுஎஸ்பி முன்பக்கம், அதுவும் எக்ஸ்டென்ஷன் கேபிள் வழியாக. கிரவுண்ட் மெல்லிய 30 கேஜ் வயர்.

#17 · பழையசால்டர் · ஞாயிறு, இரவு 10:38

நான்கும் பிரச்சினைதான். வயரை ஒரு ஜாண் அளவுக்கு வெட்டுங்கள். கிரவுண்டுக்குத் தடித்த வயர், போர்டின் திருகு ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரிய கிரவுண்ட் பகுதியில். எக்ஸ்டென்ஷனைத் தூக்கி வையுங்கள், பின்பக்க போர்ட். பவர் பிரிக் செருகியிருக்க வேண்டும், பவர் பட்டனை மட்டும் தொடக் கூடாது. இன்றைக்கு வேண்டாம், தூங்கிவிட்டு நாளைக்குச் செய்யுங்கள். அரைத் தூக்கத்தில் சால்டரிங் வேண்டாம்.

#18 · புதுவயர் · செவ்வாய், இரவு 8:15

வயரை வெட்டி எல்லாம் மாற்றிவிட்டேன். ஐந்து முறை படித்தேன், இடையில் இரண்டு முறை பிக்கோவையும் பவரையும் கழற்றி மாட்டினேன். கடைசி ஒன்று தங்கையின் மடிக்கணினியில். ஐந்தும் ஒன்றே. பழைய 3, 4-ஓடும் ஒத்துப்போகிறது. இசிசி பட்டியலில் 213 மட்டும். 4200 முதல் 8400 வரை ஒவ்வொரு திரையாகப் பார்த்தேன், கலைந்த எழுத்தும் உபரியும் தவிர வேறு எதுவும் இல்லை. ஜே-ரன்னரும் போர்டை டிரினிட்டி என்றே அடையாளம் காட்டுகிறது.

3, 4 முதலிலேயே நல்ல டம்ப்தான் போல. ஆனால் அது சனிக்கிழமை எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

#19 · பக்கம்528 · செவ்வாய், இரவு 8:40

இப்போது எழுதலாம். எழுதும் முன் டம்பை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள், பிரதி எடுத்த பிறகு அந்தப் பிரதியின் எம்டி5-ஐயும் பாருங்கள். பென்டிரைவுக்குப் போன ஃபைல் முழுதாகப் போயிருக்கிறது என்று அதன் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. கேவி உண்மையிலேயே நல்லதா என்பது சிபியு கீ வந்த பிறகுதான் நூற்றுக்கு நூறு தெரியும். கீ 32 ஹெக்ஸ் எழுத்து. ஸெல் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜே-ரன்னரில் கீயைக் கொடுத்துப் பழைய டம்பைத் திறந்து, அதில் வரும் சீரியல் எண்ணைக் கன்சோலின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணோடு பாருங்கள்.

#20 · மூன்றாம்மாடி · புதன், காலை 7:20

என் பழைய டம்புகளைச் சோதித்துவிட்டேன். இரண்டு சரி. மூன்றாவது ஒரு நண்பருடைய கன்சோல், அதன் டம்பில் ஆறு இடத்தில் இசிசி பிழை. நல்லவேளை அவை முதல் 80 பிளாக்கில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லப் போகிறேன்.

#21 · புதுவயர் · வியாழன், இரவு 11:50

இசிசி எழுதினேன். சிப் பொருத்தி ஆன் செய்தேன். முதல் முறை ஒன்றும் வரவில்லை, கன்சோல் தானாக மூன்று முறை முயற்சி செய்தது, அப்புறம் நீலத் திரையில் ஸெல் வந்தது. படம் எடுத்துக்கொண்டேன். கீயைக் கொடுத்ததும் ஜே-ரன்னரில் கேவி திறந்தது.

சீரியல் எண் 12 இலக்கம். கன்சோலைத் திருப்பி வைத்து டார்ச் அடித்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன், அண்ணன் வீடியோ காலில் திரையில் இருப்பதைப் படித்தான். பன்னிரண்டும் ஒத்துப்போனது.

டிவிடி கீயும் வந்துவிட்டது. அண்ணனின் முதல் டிஸ்க் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது.

#22 · பழையசால்டர் · வெள்ளி, காலை 6:10

ரொம்ப சந்தோஷம் தம்பி. டம்ப் ஃபைலின் பெயரிலேயே அந்த 12 இலக்க எண்ணைப் போட்டு வையுங்கள். டிவிடி கீயையும் சிபியு கீயையும் ஒரு தாளில் எழுதி, கன்சோல் மூடிக்கு உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்து யார் திறந்தாலும் அது கண்ணில் பட வேண்டும்.